கோடு விழுந்த வானம்

இறங்குதுறை என்பது கடலில் இருந்து வரும் ஆட்களும் பொருட்களும் நனையாமல் கரை சேர்வதற்காகக் கட்டப்படுவது. மன்னார்க் கரையில், அரிப்பு என்ற ஊருக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊருக்கும் அப்படி ஒன்று இருந்தது. போன வாடைக்காலத்தில் அடித்த புயலில் அதன் நடுப்பகுதி கடலுக்குள் போய்விட்டது. கரைப்பக்கம் ஒரு துண்டும், கடலுக்குள் சில தூண்களும் மிஞ்சின. அன்றிலிருந்து எங்கள் வள்ளங்கள் தள்ளி நங்கூரம் போட, பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நடந்துபோய்க் கூடைகளைச் சுமந்து வருகிறார்கள்.

அவர்களில் ஒருவர் உம்மு ஸல்மா. வள்ளத்தில் நண்டு வாங்கி, ஐஸ் பெட்டியில் அடுக்கி, மன்னாரில் இருக்கும் கொம்பனிக்கு அனுப்புவது அவர் தொழில். புருஷன் மௌத்தான பிறகு இரண்டு பெண்பிள்ளைகளையும் இந்த நண்டுதான் படிப்பிக்கிறது. துறை உடைந்த கிழமையே, தண்ணீருக்குள் கிடந்த கொங்கிறீற் துண்டில் வழுக்கி அவருடைய வலது முழங்கால் பிசகிவிட்டது. இனித் தண்ணீருக்குள் இறங்கக்கூடாது என்று டொக்டர் சொன்னார். நல்ல புத்திமதிதான். ஆனால் நண்டு தானாக நடந்து கரைக்கு வருவதில்லை. துறை வந்தால் அவர் தொழில் செய்யலாம், வராவிட்டால் முழங்கால் போகும், முழங்காலோடு தொழிலும் போகும். தென்மேற்கில் இருந்து அடிக்கும் சோழகக் காற்று தொடங்கினால் அந்த அலைக்குள் நல்ல முழங்கால் உள்ளவர்களே நிற்க முடியாது. ஆகவே அதற்கு முன் துறையைத் திருத்தித் தாருங்கள் என்று மீனவர் சங்கத் தலைவர் றொபேட் மேலிடத்துக்கு விண்ணப்பம் போட்டார்.

இது நடந்த காலத்தில் நாட்டில் எரிபொருள் சிக்கனம் என்று ஒன்று வந்திருந்தது. பழுதான இடங்களை அலுவலர்கள் வாகனத்தில் போய்ப் பார்ப்பது நிறுத்தப்பட்டு, அதற்குப் பதிலாகப் பொதுமக்களே அந்த இடங்களை வீடியோ எடுத்துச் சமர்ப்பிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. அந்த வீடியோவுக்குக் ‘காட்சி ஆதாரம்’ என்று பெயர். அதைப் பார்த்து மதிப்பிடுவதற்குக் கரையோரக் காட்சி மதிப்பீட்டுப் பிரிவு என்று புதிதாக ஒரு கந்தோரும், அந்தக் கந்தோருக்குப் புதிதாக ஒரு வாகனமும் வந்தன.

பிரிவின் பொறுப்பதிகாரி கஜீபன். அவரைப் பற்றி இங்கேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர் கெட்டவர் அல்ல. லஞ்சம் வாங்காதவர், வருகிறவர்களை இருத்திக் கதைக்கிறவர், தேத்தண்ணீரும் தருகிறவர். கெட்டவராக இருந்திருந்தால் நாங்கள் சண்டை பிடித்து எங்கள் அலுவலை முடித்திருப்போம். நல்லவர்களிடம் அகப்பட்டால் மீளுவது கஷ்டம்.

வீடியோ எடுப்பதற்கு எங்களுக்கு இருந்தது றுஸ்தி. எங்கள் பகுதியில் நடக்கும் கலியாணங்களை எல்லாம் எடுக்கிறவர் அவர்தான். உடைந்த துறையையும் அவர் தனக்குத் தெரிந்தபடியே எடுத்தார். முதலில் மாலை நேரத்து வானம், பிறகு மெதுவாகக் கீழே இறங்கிக் கடல், பிறகு துறை. கம்பியூட்டரில் வெட்டி ஒட்டும்போது பழக்கதோஷத்தில் இரண்டு இடத்தில் ரோசாப்பூ இதழ்களும் உதிர்ந்தன. மற்றபடி உடைந்தது உடைந்ததாகவே தெரிந்தது. அதைக் கொண்டு றொபேட், உம்மு ஸல்மா, றுஸ்தி மூவரும் கந்தோருக்குப் போனார்கள். ஊர் சார்பாக நாங்களும் சிலர் கூடப் போனோம்.

கஜீபன் சுவரில் இருந்த பெரிய ரீவியில் வீடியோவைப் போட்டார். தொடங்கிய உடனேயே நிறுத்தினார்.

“இது என்ன?”

“வானம், சேர்,” என்றார் றொபேட்.

“வானம் எண்டு தெரியுது. வானத்தில ஏன் கோடு?”

நாங்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தோம். மனிதர் சொன்னது உண்மை. மேலே நீலமும் கீழே செம்மஞ்சளுமாக இருந்த வானத்தில், ஒன்றின் கீழ் ஒன்றாகப் பட்டை பட்டையாகக் கோடுகள் தெரிந்தன. எங்கள் தலைக்கு மேலே பிறந்ததில் இருந்து இருக்கிற வானம் இப்படிச் செய்யும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

றுஸ்தி விளக்கம் சொன்னார். கமரா ஒரு நிறத்தைப் படி படியாகப் பிரித்துத்தான் எழுதிக்கொள்ளும். அவருடைய கமரா எட்டு பிட் கமரா. அது ஒரு நிறத்துக்கு இருநூற்று ஐம்பத்தாறு படிதான் வைத்திருக்கிறது. முகம், உடுப்பு, மேசையில் இருக்கும் கேக் எல்லாவற்றுக்கும் அது தாராளம். ஆனால் வானம் நீலத்தில் இருந்து மஞ்சளுக்கு அவசரப்படாமல் மாறுகிற சாமான். அதற்கு அந்தப் படிகள் காணாது. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் உள்ள நிறத்தை எழுத இடம் இல்லாததால், படி முடிகிற இடம் கோடாகத் தெரிகிறது. பத்து பிட் கமராவில் ஆயிரத்துச் சொச்சம் படி, பன்னிரண்டு பிட்டில் நாலாயிரத்துக்கு மேல். படிகள் கூடக் கூடக் கோடு மறைந்துபோகும்.

கஜீபன் கவனமாகக் கேட்டார். கேட்டதை எழுதியும் வைத்தார்.

“அப்ப, வானத்தில கோடு இல்லையெண்டு சொல்லுறீங்கள்.”

“இல்லை, சேர்.”

“ஆனா நீங்கள் தந்த ஆதாரத்தில கோடு இருக்கு.”

“ஓம், சேர்.”

“அப்ப நான் உங்கட வாயை நம்புறதோ, உங்கட ஆதாரத்தை நம்புறதோ?”

றுஸ்தி எங்களைப் பார்த்தார். நாங்கள் றொபேட்டைப் பார்த்தோம். உம்மு ஸல்மா மட்டும் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

“சேர், அந்த யன்னலைத் திறந்து ஒருக்கா மேல பாருங்கோ. கோடு இருக்கோ?”

கஜீபன் நல்லவர் என்று சொன்னேனே, எழும்பிப்போய் யன்னலைத் திறந்து உண்மையாகவே பார்த்தார். ஒரு மூலையில் இருந்து மறு மூலை வரைக்கும் நிதானமாகப் பார்த்தார்.

“இல்லைத்தான். ஆனா அம்மா, இது கந்தோரின்ர வானம். விண்ணப்பத்தோட இணைச்சது உங்கட ஊர் வானம்.”

ஒருமுறை ஊருக்கு வந்து பார்க்கலாமே என்று உம்மு ஸல்மா கெஞ்சிக் கேட்டார். அதற்குச் சுற்றறிக்கையில் இடம் இல்லையாம். காட்சி ஆதாரம் கோரப்பட்ட ஓர் இடத்தை அலுவலர் நேரில் சென்று பார்ப்பது, சமர்ப்பித்த பொதுமக்கள்மீது அவநம்பிக்கை தெரிவிப்பதாகும் என்று அதில் போட்டிருந்தது. எங்களை அப்படி அவமதிக்கத் தனக்கு மனம் வராது என்றார் கஜீபன். துறை உடைந்திருப்பது வீடியோவில் தெரிகிறதா என்று றொபேட் கேட்டார். தெரிகிறது, ஆனால் கோடு விழுந்த வானத்துக்குக் கீழே உள்ள எதையும் ‘தெளிவாகத் தெரிகிறது’ என்று தன்னால் எழுத முடியாது என்று பதில் வந்தது. மன்னாரில் சுழலும் மின்சாரக் காற்றாடிகள் வானத்தை வாரிவிட்டதால் கோடு வந்திருக்குமோ என்றும் அவர் ஒரு குறிப்பு எழுதி வைத்தார். ரோசா இதழ்களைப் பற்றி ஆட்சேபனை எதுவும் இல்லை.

நாங்கள் ஊருக்குத் திரும்பினோம். அடுத்த நாள் காலையும் உம்மு ஸல்மா தண்ணீருக்குள் இறங்கினார்.

றுஸ்திக்கு இது மானப்பிரச்சினையாகப் போய்விட்டது. புத்தளத்தில் இருக்கும் மச்சானிடம் பத்து பிட் கமரா இருந்தது. அதை இரவல் வாங்கி வந்து துறையைத் திரும்ப எடுத்தார். இந்த முறை இதழ் இல்லை. தொழில் தெரிந்தவர்கள் எடுக்கிற முறையில் எடுத்திருப்பதாகச் சொன்னார். அந்த முறைக்கு லொக் என்று பெயர். வெளிச்சத்தையும் நிழலையும் முழுதாகப் பிடித்து வைப்பதற்காகக் கமரா நிறத்தை எல்லாம் அமுக்கி, சாம்பல் பூசினதுபோல் எழுதிக்கொள்ளும். பிறகு கம்பியூட்டரில் போட்டு நிறத்தை ஏற்றிக்கொள்ளலாம். ஆதாரம் என்பதால் கை வைக்காமல் அப்படியே கொடுப்போம் என்று றொபேட் சொல்லிவிட்டார். அது நேர்மையான யோசனை. அதனால்தான் பிழையாகிப்போனது.

கஜீபன் பார்த்தார். வானத்தில் கோடு இல்லை என்று எங்களை மனதாரப் பாராட்டினார். பிறகு ரீவிக்குக் கிட்டப் போனார்.

“ஏன் இவ்வளவு பனி?”

“பனி இல்லை, சேர். இது லொக்கில எடுத்தது. நிறத்தைப் பிறகு ஏத்தலாம்.”

“பிறகு ஏத்தினா ஆதாரத்தைத் திருத்தினதாப் போயிடும். அது குற்றம்.”

“ஏத்தாம விட்டா?”

“ஏத்தாம விட்டா பனி.”

பனிமூட்டம் உள்ள கரையில் இறங்குதுறை கட்டுவதற்கு வேறொரு பிரிவின் பாதுகாப்பு அனுமதி வேண்டும் என்று அவர் கவலையோடு சொன்னார். உம்மு ஸல்மாவால் பொறுக்க முடியவில்லை. அன்று அவருடைய முழங்கால் வீங்கியிருந்தது, சீலைக்கு மேலாலேயே தெரிந்தது.

“சேர், வெயிலுக்குக் கழுதையே ஒதுங்கிற ஊர் எங்கட ஊர். ஆர் அங்க பனியைக் கண்டது?”

“அதுதான் அம்மா எனக்கும் யோசனை,” என்றார் கஜீபன். “புதுசா வந்திருக்கு.”

இரண்டு முறையும் ஆதாரத்தில் கோளாறு வந்ததைக் கஜீபன் மேலிடத்துக்கு அறிவித்தார். மேலிடம் ஒரு நிபுணர் குழுவை நியமித்தது. குழு ஒரு நல்ல ஹோட்டலில் கூடி ஆராய்ந்தது. முடிவில் இனிமேல் காட்சி ஆதாரம் எதுவும் பன்னிரண்டு பிட்டுக்குக் குறையாத சினிமாக் கமராவில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்று புதிய சுற்றறிக்கை வந்தது. அரசாங்கம் ஒரு சாமானைக் கட்டாயமாக்கினால் அதில் ஏதோ விசேஷம் இருக்க வேண்டும் என்பது எங்கள் சனத்தின் நம்பிக்கை. ஆகவே அந்தச் சுற்றறிக்கை துறையைக் கட்டாவிட்டாலும் கலியாண மண்டபங்களுக்குள் நுழைந்துவிட்டது.

முதலில் பேசாலைப் பக்கம் ஒரு கலியாணப் பேச்சு குழம்பியது. மாப்பிள்ளை கனடா, பெண் படித்த பெண், இரண்டு பக்கமும் ஒரே சபை, எல்லாம் பொருந்தியிருந்தது. கலியாணம் எத்தனை பிட்டில் எடுப்பது என்ற இடத்தில் பேச்சு நின்றது. பெண் வீட்டார் பத்து என்றார்கள். எங்கட பிள்ளையைப் பத்துக்குக் குடுக்கிறதோ என்று மாப்பிள்ளையின் தாய் அழுதாராம். அதற்குப் பிறகு அந்தப் பழக்கம் மளமளவென்று பரவியது. பெண்பிள்ளைகளின் சாமத்திய வீடு, சுன்னத்து வீடு, கோயில் திருநாள் எல்லாமே பன்னிரண்டு. செத்துப்போன ஒருவருடைய அடக்கத்தைப் பிள்ளைகள் எட்டு பிட்டில் எடுத்துவிட்டார்கள் என்று சொந்தக்காரர் முகம் கொடுத்துக் கதைக்காமல் விட்டதும் நடந்தது. ஓர் ஆளைக் குறைத்துச் சொல்ல வேண்டுமானால் ‘அவன் ஒரு எட்டு பிட்’ என்றால் போதும். இந்த வீடியோக்களை எல்லாம் நாங்கள் பார்த்தது கண்ணாடி வெடித்த போன்களில்தான். அதில் எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனாலும் தெரிகிறது என்று எல்லோரும் சொன்னோம், தெரியாதவன் எட்டு பிட் ஆகிவிடுவானே.

உம்மு ஸல்மா மட்டும் ஒரே கேள்வியைத்தான் வருகிறவர் போகிறவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். பன்னிரண்டில் எடுத்தால் துறை வருமா? வரும் வரும் என்று நாங்கள் சொன்னோம். சொல்வதற்குச் செலவில்லைத்தானே.

பன்னிரண்டு பிட் சினிமாக் கமரா எங்கள் மாவட்டத்திலேயே இல்லை. கஜீபன் அதற்கும் வழி கண்டுபிடித்தார். துறை திருத்துவதற்கென்று ஒதுக்கிய காசில் ‘ஆயத்தச் செலவு’ என்று ஒரு தலைப்பு இருந்தது. அந்தத் தலைப்பில் கொழும்பில் இருந்து ஒரு படப்பிடிப்புக் குழுவையே அனுப்பி வைத்தார். ஒரு லொறி, இரண்டு வான், தண்டவாளம், குடை, வெள்ளைத் துணி, கழுத்தில் சால்வை சுற்றிய இயக்குநர் ஒருவர் எல்லாம் வந்து இறங்கின. ஊரே வேலைக்குப் போகாமல் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு கரையில் நின்றது. இயக்குநர் எங்களைப் பார்த்துவிட்டு, பழைய உடுப்பு போட்டுக்கொண்டு வரச் சொன்னார். நாங்கள் ஓடிப்போனோம். போதிய அளவு கிழிந்த உடுப்பு இல்லாதவர்கள் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினார்கள்.

இயக்குநருக்குச் சூரியன் கடலில் இறங்குகிற நேரத்து வெளிச்சம்தான் வேண்டும். எங்கள் வள்ளங்கள் வலை இழுத்துக்கொண்டு வருவது காலையில். இரண்டும் பொருந்தவில்லை. சூரியனைக் கேட்க முடியாது என்பதால் வள்ளங்களைக் கேட்டார்கள். காலையில் பிடித்த நண்டோடு வள்ளங்கள் பொழுதுபடும்வரைக்கும் கடலிலேயே நின்றன.

பொழுதுபடும் நேரம் கமரா ஓடத் தொடங்கியது. உம்மு ஸல்மா கூடையைத் தோளில் வைத்துக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தார். தோளில் வெளிச்சம் விழவில்லை என்று திரும்ப நடக்கச் சொன்னார்கள். நடந்தார். அலை சரியில்லை என்றார்கள், அதற்கும் நடந்தார். பிறகு இயக்குநரே கரைக்கு வந்து அவரிடம் பணிவாகக் கதைத்தார்.

“அம்மா, இன்னும் கொஞ்சம் மெதுவா. முழங்கால் நோகுற மாதிரி நடக்கணும்.”

“நோகுது, தம்பி.”

“கமராவுல தெரியல்லையே, அம்மா.”

பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று, நோகாத மாதிரி நடந்து பழகியவர் உம்மு ஸல்மா. நோகிற மாதிரி நடக்க அவருக்கு வரவில்லை. முகத்தைக் கொஞ்சம் சுளிக்கச் சொல்லி ஒருவர் செய்து காட்டினார். அதைப் பார்த்து உம்மு ஸல்மா பழகினார். வெளிச்சம் போகும்வரைக்கும் எடுத்தார்கள். எடுத்து முடிந்து கூடையைத் திறந்தபோது நண்டு பழுதாகி மணத்துவிட்டது. கொம்பனி லொறி அதை எடுக்காமல் திரும்பிப் போனது. பரவாயில்லை, துறை வரப்போகிறதே என்று உம்மு ஸல்மா அந்த நண்டைக் கரையில் கிடங்கு வெட்டித் தாட்டார். எங்களுக்கு மனம் வருந்தியது. ஆனாலும் இயக்குநரோடு நின்று படம் எடுத்துக்கொள்ளும் அவசரம் இருந்தது.

பதிவு வந்து சேர்ந்ததும் கந்தோரில் ஒரு சிக்கல். நாலாயிரம் படி வானம் கந்தோர்க் கம்பியூட்டரில் திறக்கவில்லை. திறக்கப் பார்த்ததில் கம்பியூட்டரே நின்றுவிட்டது. இருந்தாலும் வேலை தடைப்படக் கூடாது என்று கஜீபன் ‘இதுவரை பார்வையிட்டதில் குறைபாடு எதுவும் காணப்படவில்லை’ என்று எழுதி அந்த ஆதாரத்தைத் தற்காலிகமாக ஏற்றுக்கொண்டார். ஒன்றையும் பார்க்காதபடியால் அதில் பொய்யும் இல்லை. புதிய கம்பியூட்டரும் அதற்கேற்ற ரீவியும் வாங்க, ஆயத்தச் செலவு என்ற தலைப்பு திரும்பவும் உதவியது. அவை வந்து சேர்ந்தபோது சோழகம் தொடங்கியிருந்தது.

கடைசியாக ஒருநாள் எங்களைக் கூப்பிட்டு, மேலிடத்துப் பெரியவர்களோடு ஒன்றாக இருத்திப் படத்தைக் காட்டினார்கள். உள்ளதைச் சொல்ல வேண்டும். அப்படி ஒரு வானத்தை நாங்கள் எங்கள் ஊரில் கண்டதில்லை. நீலம் எங்கே முடிந்தது, மஞ்சள் எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. உடைந்த தூண்களில் பாசி பச்சையாக மினுங்கியது. உம்மு ஸல்மாவின் கன்னத்தில் இருந்த உப்புத் தண்ணீர் துளித்துளியாகத் தெரிந்தது. படம் முடிந்ததும் ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். கஜீபன் வெளிப்படையாகவே அழுதார்.

“அம்மா, இவ்வளவு வடிவான இடத்தில நீங்கள் இருக்கிறீங்கள் எண்டு எனக்குத் தெரியாமப் போச்சு.”

பிறகு மேலிடத்தின் தீர்மானத்தை எழும்பி நின்று வாசித்தார். மேற்படி இடிபாடானது ஈடிணையற்ற காட்சி மதிப்பு வாய்ந்தது எனப் பன்னிரண்டு பிட் ஆதாரத்தின் வாயிலாக ஐயந்திரிபற நிரூபிக்கப்பட்டிருப்பதால், அது பாதுகாக்கப்பட்ட காட்சித் தளமாக இத்தால் பிரகடனப்படுத்தப்படுகிறது. அதில் புதிய தூணோ பலகையோ வைப்பது தடை செய்யப்படுகிறது. கூடை சுமந்து நீரில் நடக்கும் பெண்கள் மேற்படி காட்சியின் பிரிக்க முடியாத அங்கமாகக் கருதப்படுவர்.

எல்லோரும் கை தட்டினார்கள். நாங்களும் தட்டினோம். உம்மு ஸல்மா தட்டவில்லை.

“அப்ப துறை, சேர்?”

“துறையைத்தானே அம்மா காப்பாத்திப்போட்டம். இனி ஒருத்தரும் அதில கை வைக்கேலாது.”

ஊருக்குத் திரும்பும்போது உம்மு ஸல்மா வாகனத்தில் முழங்காலைத் தடவிக்கொண்டு இருந்தார். கந்தோரைத் திட்டித் தீர்த்துக்கொண்டு வந்தது நாங்கள்தான். மேலிடத்துக்குக் கண் இருக்கிறதா, கந்தோரில் இருக்கிறவனுக்கு மனுஷத்தன்மை இருக்கிறதா என்று வாயில் வந்ததெல்லாம் கேட்டோம்.

அடுத்த கிழமை முதல் சோடி வந்தது. பெண் வவுனியா, மாப்பிள்ளை சுவிஸ். உடைந்த துறையில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தப் படத்தைப் பார்த்து இன்னும் பலர் வந்தார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தார்கள், கொழும்பில் இருந்து வந்தார்கள், மடுக் கோயிலுக்கு நேர்த்தி வைத்து வந்தவர்களும் திரும்பிப்போகிற வழியில் எட்டிப் பார்த்தார்கள். ஊர் மாறியது. ஒருவர் தேத்தண்ணீர்க் கடை போட்டார், இன்னொருவர் வாகனம் நிறுத்த வளவைத் துப்புரவாக்கினார். றுஸ்தி தன் தொழிலுக்குப் பெரிய விளம்பரப் பலகை அடித்தார். றொபேட் தன் வள்ளத்துக்குப் புதுப் பெயின்ற் அடித்துச் சோடிகளை ஏற்றி இறக்கினார், வலை காய்ந்தது. கூடையோடு பெண்கள் நடந்தால் படத்துக்கு நல்லது என்று சோடிகள் கேட்டபோது, நாங்களே உம்மு ஸல்மாவிடம் போய் ஒருக்கா நடந்து குடுங்கோ என்று சொன்னோம். வந்த விருந்தாளிகளின் மனம் நோகக் கூடாது அல்லவா. அவர் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் நண்டைச் சுமந்துகொண்டு போனார். அதையும் எடுத்தார்கள்.

இந்த நேரத்தில்தான் பள்ளிவாசலும் கோயிலும் சேர்ந்து ஒரு நல்ல காரியம் செய்தன. வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் கேட்டு, பழைய துறைக்குப் பக்கத்தில் மரத்தால் ஒரு துறை கட்டுவதற்கு வழி செய்தன. கந்தோரும் மறுப்புச் சொல்லவில்லை. பாதுகாக்கப்பட்ட காட்சி கெட்டுப்போகும்தான், ஆனால் ஊர் கூடிக் கை தூக்கிக் கேட்டால் தான் மேலிடத்தோடு கதைத்துப் பார்ப்பதாகக் கஜீபன் சொன்னார். நல்லவர் என்று முன்பே சொன்னேன். ஆக, எல்லாம் எங்கள் கைக்கு வந்துவிட்டது.

மீனவர் சங்கக் கட்டடத்தில் பின்னேரம் கூட்டம். மேற்குப் பக்க யன்னல்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாங்கள் இருந்தோம். முன்னால் மேசையோடு றொபேட் நின்றார். எங்களை நேருக்கு நேர் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

“மரத்துறை வேணுமெண்டாக்கள் கையைத் தூக்குங்கோ.”

உம்மு ஸல்மாவின் கையைத் தவிர ஒரு கையும் எழும்பவில்லை. மரத்துறை வந்தால் உடைந்த துறை படத்தில் விழாது. படத்தில் விழாவிட்டால் சோடிகள் வரமாட்டார்கள். தேத்தண்ணீர்க் கடைக்காரர் தரையைப் பார்த்தார். வளவுக்காரர் மின்விசிறியைப் பார்த்தார். றுஸ்தி தன் கமராப் பையின் வாரைச் சரிசெய்தார். துறைக்காக விண்ணப்பம் போட்ட அதே றொபேட், மேசையில் இல்லாத தூசியைக் கையால் தட்டினார்.

உம்மு ஸல்மா பின்வரிசையில் இருந்து எழும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு முன்னுக்கு நடந்து வந்தார். வந்து எங்கள் பக்கம் திரும்பி நின்றார்.

“எனக்குப் பேசத் தெரியாது,” என்றார். “முழங்கால் இனி ஏலாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். இந்தச் சோழகத்துக்குள்ள நேற்று ரெண்டு தரம் விழுந்தன். கூடை போனாலும் பரவாயில்லை, நான் போனா என்ர பிள்ளையளுக்கு ஆரிருக்கு? நீங்கள் எல்லாரும் என்ர ஊராக்கள். உங்களிட்டத்தான் கேக்குறன்.”

அவர் அழுதுவிட்டார். எங்களுக்கும் பாவமாகத்தான் இருந்தது, இதில் பொய் இல்லை. அந்த நேரம் பார்த்து எங்களுக்குப் பின்னால் சூரியன் கடலில் இறங்க, யன்னல்களால் வந்த மஞ்சள் வெளிச்சம் முழுவதும் அவருடைய முகத்தில் விழுந்தது. கண்ணீர் கன்னத்தில் இறங்கும்போது ஒவ்வொரு துளியும் தனித்தனியாக மினுங்கியது. அவ்வளவு வடிவாக ஒரு மனுஷி அழுது நாங்கள் பார்த்ததில்லை. ஒருவர் மெல்லப் போனை எடுத்து உயர்த்தினார். அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர். பிறகு நாங்கள் எல்லோரும்.

உம்மு ஸல்மா கண் கூசக் கூச எங்களைப் பார்த்தார். அந்த வெளிச்சத்துக்கு எதிராக அவருக்கு எங்கள் கைகள் மட்டும்தான் தெரிந்திருக்க வேண்டும். மண்டபம் நிறைய, ஒன்று விடாமல், உயர்ந்து நின்ற கைகள்.

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றார். “எல்லாரும் தூக்கிப்போட்டீங்கள்.”

றொபேட் கைகளை எண்ணாமல், மேசையில் இல்லாத தூசியைத் திரும்பவும் தட்டினார். உம்மு ஸல்மா சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்தபோது இன்னும் வடிவாக இருந்தார். எங்களில் ஒருவரும் கையை இறக்கவில்லை.